திரும்பி நின்ற ஆட்டம்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று மைதானத்தில் என் நெற்றியில் ரத்தம் வழிகிறது என்று கல்லூரிப் பெண் ஒன்று முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. "பந்து பட்டுருச்சுங்களா மாமா? உக்காருங்க மொதல்ல" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தது. நானும் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். பஞ்சில் துடைத்துப் பார்த்தால் காயமே இல்லை. நம் அணிக்குச் சிவப்பு நிறம் என்று, கடையில் மிச்சம் கிடந்த சிவப்பு ரெக்சினில் நானே ஒரு தொப்பி தைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உள்ளே கொடுத்த லைனிங் துணி வியர்வையில் சாயம் விட்டுவிட்டது. இருபது வருடமாக பைக் சீட்டுக்கு உறை தைக்கிறேன். சீட்டுக்கு வியர்ப்பதில்லை, அதனால் இந்தச் சங்கதி எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

கோஷ்டி முழுக்கச் சிரித்தது. பேக்கரி லோகநாதன், "அண்ணன் டீமுக்காக ரத்தமே சிந்தீட்டாருப்பா" என்றான்.

நான் பத்தாவதில் கணக்கில் நின்றுபோனவன். அந்தக் கல்லூரிக்குள் படிக்கப் போனதே இல்லை. ஆனால் என் கடை அதன் கேட்டுக்கு எதிரே இருக்கிறது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் பிய்ந்துபோன தோல் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து, "இதைத் தெச்சுத் தருவீங்ளாண்ணா?" என்றான். பேஸ்பால் விளையாட்டுக்காம். ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது இவர்கள் பன்னிரண்டு பதினைந்து பேர் மட்டும் இதை ஆடிக்கொண்டிருந்தார்கள். தைத்துக் கொடுத்தேன். தையல் நிற்கிறதா என்று பார்க்க மைதானத்துக்குப் போனேன். போனவன் போனவன்தான். இப்போது நாங்கள் கம்பி வேலி ஓரம் உட்காரும் ஒரு பெரிய கோஷ்டி. யாரும் அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. எல்லோருக்கும் அது "நம்ம காலேஜ்".

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யோசனை என்னுடையது. நம் அணியில் ஆடிவிட்டு எதிரி அணிக்குப் போனவன் மட்டை பிடிக்க வந்தால் நாங்கள் கூச்சல் போடுவதில்லை, திட்டுவதில்லை. நான் "திரும்பு" என்பேன். எல்லோரும் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்போம். இங்கே நட்சத்திர வீச்சாளனாக இருந்த விக்னேஷ், மேல்படிப்புக்கு என்று மலைப்பாளையம் கல்லூரிக்குப் போய் அவர்களுக்கே ஆட ஆரம்பித்தபோது உண்டாக்கினேன். இன்றைக்கும் அவனுக்குத் திரும்பினோம். அவன் முகம் சுண்டிப்போனதாக டீக்காரர் சொன்னார்.

ஆட்டம் அரையிறுதி. நடுவில் நம் கேட்ச்சருக்கு விரலில் அடி. வீச்சாளன் எறியும் பந்தை முகமூடி போட்டுக் குத்தவைத்துப் பிடிக்கிறவன்தான் கேட்ச்சர். அடுத்த கேட்ச்சர் என் பையன் தரணிதான். மூன்று வருடமாக அணியில் இருக்கிறான். வீச்சாளர்களுக்குக் கை சூடேறுவதற்காகப் பந்து வாங்கிப் போடுவான். ஆட்டத்தில் இறங்கினதில்லை. நான் வேலியோரம் ஒரு கையுறையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன். பி.டி. சார் என்னிடம் வந்து, "என்னங்க நாச்சிமுத்து, உங்க பையனை இறக்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

எவ்வளவு பெரிய மரியாதை! எந்த அப்பனிடம் அப்படிக் கேட்பார்கள்? நான் சொந்தப் பையன் என்று பார்க்கவில்லை. "வேண்டாங்க சார். முக்கியமான ஆட்டம். அவனுக்கு அவ்வளவு பத்தாது. டீம்தானுங்க முக்கியம்" என்றேன். சார் தலையாட்டிவிட்டுப் போனார். விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பழைய கேட்ச்சரே ஆடினான். கடைசியில் ஒரு பந்தைக் கோட்டைவிட்டான். தோற்றோம். நம் நேரம் சரியில்லை.

வீட்டுக்கு வரும்போது தரணி பின்சீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு போல.

ஜனவரி 20, திங்கள்

நெற்றியில் இன்னும் சிவப்பு போகவில்லை. மனைவி பத்மா தேங்காய் நார் கொண்டு தேய்த்துவிட்டாள். தோல் போனது, சாயம் போகவில்லை.

ஜூன் 16, திங்கள்

இந்த டைரியை ரெக்சின் கம்பெனிக்காரர் கொடுத்தார். இடையில் காணாமல் போய், இன்று நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. எழுதும்படி இன்றைக்கு விஷயமும் இருக்கிறது.

தரணி பி.காம். தேறிவிட்டான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். நம்ம காலேஜிலேயே எம்.காம். இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் அவன் சிவப்புச் சட்டை போடுவான் என்று நான் பாட்டுக்கு நினைத்திருந்தேன். சாப்பிடும்போது மெதுவாகச் சொல்கிறான்: "அப்பா, மலைப்பாளையத்துல சீட் கெடைச்சிருக்குங்க."

"எங்க?"

"மலைப்பாளையங்க."

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த பத்மாவின் கை நிற்கவேயில்லை. அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"அங்க எதுக்குடா கண்ணு?"

"கம்ப்யூட்டர் லேப் எல்லாம் நல்லா இருக்குங்க. காலேஜ் பஸ்ஸு நம்ம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருது."

"அப்ப ஆட்டம்?"

"படிக்கத்தானுங்கப்பா போறேன்" என்றான்.

அதுவும் சரிதான். படிப்பு வேறு, ஆட்டம் வேறு. மலைப்பாளையத்தில் படிப்பது குற்றமா என்ன? மலைப்பாளையம் சந்தையில் நாங்கள் தக்காளி வாங்குவதில்லையா?

ஜூன் 18, புதன்

கோஷ்டியில் நானே சொல்லிவிட்டேன். பிறர் சொல்லித் தெரிவதைவிட அது மேல். கண்டக்டர் மயில்சாமி அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "தம்பி அங்க வெளையாடுவானோ?" என்றார்.

"என்ற பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்ணா" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டீக்கடையில் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

தரணியின் இடது உள்ளங்கை வீங்கியிருக்கிறது. பத்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். அவன் "பஸ் கம்பிங்க" என்றான், அவள் "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்றாள். பஸ் கதவாக இருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கொடியில் ஒரு வெள்ளைப் பேண்ட் காய்கிறது. முட்டியில் செம்மண் கறை. பத்மா இரண்டு தடவை அலசியும் போகவில்லையாம். எம்.காம். படிப்பில் எங்கே மண்டி போடச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "சேவைத் திட்டத்துல மரம் நட்டாங்களாம்" என்றாள். மரம் நடுவதற்கு வெள்ளைப் பேண்ட்டோடா போவார்கள்? காலம் மாறிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பயிற்சி ஆட்டம் பார்க்கப் போனேன். நம் பையன்கள் பரவாயில்லை. கேட்ச்சர்தான் சுமார். தரணி இருந்தால் என்று ஒரு கணம் தோன்றியது. அவனைக் கூப்பிட்டேன், வரவில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

லோகநாதன் எனக்கு முட்டை பப்ஸ் கொடுத்துக் காசு வேண்டாம் என்றான். இத்தனை வருடத்தில் அவன் எனக்கு ஒரு ரஸ்க்கைக்கூடச் சும்மா தந்ததில்லை. நான் மலைப்பாளையத்துக்காரர்களைப் பற்றி ஆரம்பித்தேன். விக்னேஷ் மாதிரி சோற்றுக்கு ஓடுகிற பயல்களால்தான் அந்த அணி ஓடுகிறது என்றேன். வழக்கமாக அவன்தான் இதற்கு எண்ணெய் ஊற்றுவான். இன்றைக்கு, "மழை வருமாட்ட இருக்குதுங்ணா" என்றான். வானம் பளிச்சென்று இருந்தது.

அவனுடைய ரொட்டி வேன் தினமும் மலைப்பாளையம் போகிறது. ஏதாவது நஷ்டமாக இருக்கும். கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. கடையில் நல்ல கூட்டம். தரணி வந்து உதவினான். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, தடித்த நைலான் நூலும் வளைந்த ஊசியும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பையனுக்குத் தொழிலில் ஆசை வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. தோலுக்கு எப்படி முடிச்சை உள்பக்கம் மறைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான்.

"இதை எங்க போடப்போற?" என்று கடைசியில் கேட்டேன்.

"பேக் பிஞ்சு போச்சுங்கப்பா."

நவம்பர் 30, ஞாயிறு

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். நம் மைதானத்தில்! நாமும் மலைப்பாளையமும். மயில்சாமி அண்ணனிடம், "இந்தத் தடவை விக்னேஷ் இல்லை, படிப்பு முடிஞ்சு போயிட்டான். நமக்குத் திரும்பற வேலை மிச்சம்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "நாச்சிமுத்து, ஞாயித்துக்கெழம உனக்குக் கோயமுத்தூர்ல ஒரு கல்யாணம் இருக்குன்னியே?" என்றார்.

"கல்யாணம் கெடக்குதுங்ணா. பத்மா போயிட்டு வரட்டும்."

"ஒரு எட்டு நீயும் போயிட்டு வாயேன். சொந்தக்காரங்க கோவிச்சுக்குவாங்க."

எட்டு வருடமாக, எழவு வீட்டிலிருந்துகூட என்னை ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு வந்த மனுசன் இவர். வயசாகிறது.

வீட்டில் பத்மாவும் அதே பாட்டைப் பாடினாள். கல்யாணத்துக்கு வந்தே ஆகணுமாம். முடியாது என்றேன். அப்படியானால் அவளும் போகவில்லையாம். போகாமல் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டேன். ஆட்டம் பார்க்க வருகிறாளாம்! கல்யாணமான நாளிலிருந்து அந்த மைதானத்தின் பக்கம் தலை வைத்துப் படுக்காதவள்.

டிசம்பர் 7, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பத்மா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ஒரு புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தாள், பச்சைக் கட்டம் போட்டது. அதைப் போட்டுக்கொண்டு வேலியோரம் என் இடத்துக்குப் போனேன். மைக்கில் இரண்டு அணிப் பெயர்களையும் வாசித்தார்கள். நம் பெயர்களுக்கு நான் கை தட்டினேன். அவர்கள் பெயர்களை வாசிக்கும்போது வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"கேட்ச்சர், என். தரணிதரன்."

ஊரில் ஒரு தரணிதரன்தானா இருப்பான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கோஷ்டியில் ஒருத்தரும் மைதானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று.

நீலச் சட்டைக்காரன் ஒருவன் முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தான். நடையே போதும். அவனுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

"எப்ப இருந்துடா தெரியும்?" என்று லோகநாதனைக் கேட்டேன்.

"அண்ணா, மொதல்ல தண்ணி குடிங்க."

"எப்ப இருந்து?"

"புரட்டாசியிலிருந்துங்ணா. வேன்ல ரொட்டி போடப் போனப்பப் பாத்தேன். சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு..."

"நீங்க?" என்றேன் மயில்சாமி அண்ணனை.

"எல்லாத்துக்கும் தெரியும்ப்பா" என்றார். "அதான் கல்யாணத்துக்குப் போடான்னேன். கேட்டியா?"

எல்லாத்துக்கும். கடலைக்காரருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கடலைக்குத் தெரியாமல் இருந்தால் சரி.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. போனால் ஓடிப்போனான் என்பார்கள். உட்கார்ந்தேன். என்ன ஆட்டம் நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம் பையன்கள் மட்டை பிடித்த நேரமெல்லாம் அவர்களுக்குப் பின்னால் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கிழித்துக்கொண்டு வந்த பந்துகளை அலுங்காமல் வாங்கினான். கையுறை வாரில் நைலான் நூல் பளபளத்தது. முடிச்சு வெளியே தெரியவில்லை. நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முன்னால் அவன் மட்டை பிடிக்க வந்த தடவைகளில் நான் கடலைப் பொட்டலத்துக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். கோஷ்டியும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டது. கடைசி இன்னிங்ஸில் அது முடியாமல் போயிற்று. நாம் ஒரு ரன் முன்னால். அவர்களில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடக் காத்து நிற்கிறார்கள். இன்னும் ஒருவன் அவுட்டானால் கோப்பை நமக்கு. மட்டையோடு வந்தது தரணி.

 எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த வார்த்தையை நான்தான் சொல்ல வேண்டும். விக்னேஷுக்குச் சொன்னேன். அவனுக்குப் பின்னால் வேறு ஒரு பையன் போயிருந்தால் அவனுக்கும் சொல்லியிருப்பேன். சொந்தப் பையன் என்றால் மட்டும் வேறு சட்டமா? நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? எழுந்து நின்றேன்.

"திரும்பு" என்றேன். திரும்பினேன்.

ஒருவரும் திரும்பவில்லை.

"லோகு, திரும்புடா."

"போங்ணா" என்றான் லோகநாதன். "நம்ம தம்பிங்ணா அவன். எங்க கண்ணு முன்னால வளந்தவன்."

"மலைப்பாளையத்துக்காரன்டா அவன்!"

"அதுக்கு?"

ஆக, நான் ஒருவன் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் கோஷ்டியின் முகங்களைப் பார்த்து நின்றேன். பந்து போகிற பக்கமெல்லாம் அவர்கள் கண்களும் போயின. மயில்சாமி அண்ணன் உதட்டைக் கடித்தார். யாரோ "விடு விடு விடு" என்றார்கள். அப்புறம் ஒரு சத்தம். மட்டையின் நடுவில் பட்டால் வருகிற சத்தம் எனக்குத் தெரியும். எல்லா முகங்களும் மெல்ல மேலே நிமிர்ந்தன. மேலே, இன்னும் மேலே, அப்புறம் பக்கவாட்டில். லோகநாதன் வாய் பிளந்தது. மயில்சாமி அண்ணன் கை தட்டினார். நம்ம காலேஜ் தோற்றுக்கொண்டிருக்கிறது, அவர் கை தட்டுகிறார்! கோஷ்டியே எழுந்து கை தட்டியது.

என் வீட்டில் என்னை ஏமாற்றினார்கள், சரி. இவர்களுமா?

நான் திரும்பவில்லை. கூட்டம் கலைகிறவரை அப்படியே நின்று, கல்லூரிக் காம்பவுண்டுக்கு வெளியே என் கடையின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

கடை திறக்கவில்லை. காலையில் அவன் கீழே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நான் ஆரம்பித்தேன்.

"படிக்கத்தான் போறேன்னு சொன்னியே."

"படிக்கவும்தானுங்க போறேன்."

"ஊரு முன்னாடி என்னை முட்டாளாக்கீட்டியே கண்ணு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ஆறு மாசம்! வீட்டுக்குள்ளயே ஆறு மாசம் நாடகம் ஆடியிருக்கீங்க ரெண்டு பேரும்."

பத்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "சொல்லீருந்தா விட்டிருப்பீங்களா?"

"அது வேற."

"என்ன வேற? மூணு வருசம் அவன் ஓரத்துல உக்காந்திருந்தான். நீங்க வாரா வாரம் போனீங்களே, ஒரு நாளாச்சும் அந்த ஓரத்தைப் பாத்தீங்களா? எவனெவன் பேரோ சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிட்டு வருவீங்க. நான் மிளகுப் பால் போட்டுக் குடுப்பேன். அவன் உள்ள படுத்துக் கேட்டுக்கிட்டிருப்பான்."

"நம்ம காலேஜ்ல இருந்திருந்தா இந்த வருசம் அவனையே இறக்கியிருப்பாங்க" என்றேன். "பி.டி. சாருக்கு அவன் மேல ஒரு அபிப்பிராயம் இருந்துது."

தரணி காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "சார் உங்ககிட்டக் கேட்டப்ப நான் வேலிக்கு அந்தப் பக்கந்தானுங்க நின்னுட்டிருந்தேன். மாஸ்க் போட்டிருந்தேன். மாஸ்க் காதை மறைக்காதுங்கப்பா."

"அது டீமுக்காகச் சொன்னது."

"தெரியுங்க. டீமுக்காகத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். அவன் சும்மா சொன்னான், மழை வந்தது என்கிற மாதிரி. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டேன்.

"நேத்து மட்டையோட நிக்கறப்ப வேலியப் பாத்தேனுங்க" என்றான். "எல்லார் மூஞ்சியும் தெரிஞ்சுது. நடுவுல ஒரு முதுகு. பச்சைக் கட்டம்."

பத்மா உள்ளே போய்விட்டாள். 

அது வழக்கம், கோஷ்டியின் வழக்கம், ஆளைப் பார்த்து மாற்ற முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இட்லி ஆறுது, சாப்பிடு" என்று வந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

கடை திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்படி ஆயிற்று. சீட் உறைக்கு வந்தவர்கள், காற்றடிக்க வழி கேட்டவர்கள், எல்லோரும் அந்த அடியைப் பற்றியே பேசினார்கள். ஒருவர், பந்து தண்ணித் தொட்டிக்கு மேலாகப் போனது என்றார். இன்னொருவர், தொட்டியா, அதற்கு நேர் எதிர்ப்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டுத் தகரத்தில் விழுந்தது, நானே சத்தம் கேட்டேன் என்றார். இரண்டு பேரும் என்னிடம் நியாயம் கேட்டார்கள். அப்பன் நான், எனக்குத் தெரியாதா? "ரெண்டுக்கும் நடுவுலங்க" என்றேன்.

லோகநாதன் பப்ஸ் கொண்டுவந்தான். காசைக் கல்லாவில் எண்ணி வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். பேசவில்லை. பேசுவேன், இந்த வாரம் இல்லை.

டிசம்பர் 10, புதன்

தரணியைப் பஸ் ஸ்டாண்டில் விட்டேன். நானாகத்தான், "ஏறு" என்றேன். அவன் ஏறிக்கொண்டான். வழியில் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி அவனுக்குக் கை கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

கல்லூரிப் பஸ் வந்துவிட்டது. உள்ளேயிருந்து பையன்கள் "தரணி, தரணி" என்று கத்தினார்கள். அவன் ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பிப் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டிய நேரம் அது.

"கை எப்படி இருக்குது?" என்றேன்.

"பரவால்லீங்கப்பா."

"உப்பு ஒத்தடம் சாயங்காலமும் குடுத்துக்க."

"சரிங்க."

பஸ் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டிலேயே கொஞ்ச நேரம் வண்டியை அணைக்காமல் நின்றேன். கேட்க நினைத்தது கையைப் பற்றி இல்லை. நான் ஒருத்தன்தான் அதைப் பாக்கலை கண்ணு, அந்தப் பந்து எந்தப் பக்கம் போச்சு, நீயே ஒரு தடவை சொல்லு.